பழைய பயண வழிகாட்டி நூலை முதுகுப்பையில் எடுத்துச் செல்லலாமா?

கேள்வி: வரும் நவம்பர் தொடக்கத்தில் புறப்பட்டு, எழுபது நாள்கள் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் தனியாக, முதுகுப்பையுடன், இயன்றவரை தரைவழியாகவே பயணம் செய்ய இருக்கிறேன். இதுவே என் முதல் வெளிநாட்டுப் பயணம். நண்பர் ஒருவர் தென்கிழக்காசியா முழுவதற்குமான ஆங்கில வழிகாட்டி நூலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொடுத்திருக்கிறார். முக்கால் கிலோ எடை. கைபேசி இருக்கும்போது புத்தகம் வீண்சுமை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இதையே எடுத்துச் செல்வதா, புதிய பதிப்பு வாங்குவதா, இரண்டுமே வேண்டாமா?

பதில்: அந்த நூலைப் புறப்படுவதற்கு முன்பே முழுவதும் படித்துவிடுங்கள். ஆனால் அதை அப்படியே சுமந்து செல்ல வேண்டாம். அதில் உள்ள விலை, நேரம், விசா விதி எதையும் இன்னொரு இடத்தில் சரிபார்க்காமல் ஏற்கவும் வேண்டாம். பத்தாண்டுகளானாலும் மாறாத செய்திகளும், பத்தே வாரத்தில் மாறிவிடும் செய்திகளும் ஒரே பக்கத்தில், ஒரே உறுதியான தொனியில் அச்சாகியிருப்பதுதான் வழிகாட்டி நூல்களின் அடிப்படைக் குறை. எது எந்த வகை என்று நூல் பிரித்துச் சொல்லாது. படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். புதிய பதிப்பு வாங்கினாலும் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீராது. எழுத்தாளர் ஊர் ஊராகச் சென்று தகவல் திரட்டி, அது தொகுக்கப்பட்டு அச்சேறிக் கடைக்கு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அடுத்த பதிப்பு வருவதற்கும் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகையால் எந்த நூலை வாங்கினாலும் முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து, அங்குள்ள தேதிக்கும் ஓராண்டு முந்தைய நிலவரத்தையே படிக்கிறோம் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

2019க்குப் பிறகு உங்கள் பாதையிலேயே எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். லாவோஸின் தலைநகர் வியஞ்சானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மலைச்சாலையில் பேருந்தில் ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் ஆகும் என்றுதான் உங்கள் நூல் சொல்லும். 2021 டிசம்பரில் லாவோஸ்-சீன ரயில்பாதை திறக்கப்பட்ட பிறகு அது சுமார் இரண்டு மணி நேரப் பயணம். பாங்காக்கில் நெடுந்தூர ரயில்கள் ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து புறப்படும் என்று அதில் இருக்கும். 2023 ஜனவரியில் அவற்றில் பெரும்பாலானவை நகரின் வடபகுதியிலுள்ள க்ருங் தேப் அபிவட் நிலையத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. பழைய பக்கத்தை நம்பிக் கடைசி நேரத்தில் தவறான நிலையத்துக்குப் போய் நிற்பவர் அன்றைய இரவு ரயிலை இழப்பார். லாவோஸின் நாணயமான கிப் 2019இல் ஓர் அமெரிக்க டாலருக்கு ஒன்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. 2023இன் முடிவில் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எனவே கிப்பில் அச்சான விலைகளுக்குப் பொருளே இல்லை. ஆனாலும் அவற்றை அடித்துவிட வேண்டாம்: எந்த ஊர் எந்த ஊரைவிடச் செலவு மிகுந்தது, படகுக்கும் பேருந்துக்கும் கட்டணத்தில் எவ்வளவு இடைவெளி என்ற ஒப்பீட்டுக்கு அவை ஓரளவு உதவும். வியட்நாமில் 2025 ஜூலை 1 முதல் 63 மாநிலங்களும் மாநகரங்களும் இணைக்கப்பட்டு 34 ஆகிவிட்டன. குவாங் நாம் மாநிலத்தில் இருந்த ஹோய் ஆன் இப்போது டா நாங் மாநகரத்துக்குள் வருகிறது. ஹா ஜியாங், துயென் குவாங்குடன் இணைந்துவிட்டது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன; முகவரிகளும் அரசு இணையதளங்களில் வரும் பெயர்களும் மாறியிருப்பதால், தேடும்போது குழப்பம் வரும்.

விசா பக்கங்களை முற்றாக ஒதுக்கிவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 15 முதல் வியட்நாம் எல்லா நாட்டவருக்கும் 90 நாள்கள் வரையிலான இ-விசா வழங்குகிறது. உங்கள் நூலில் 30 நாள் என்றிருக்கும். தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் 2025 மே 1 முதல், வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசுத் தளம் அல்ல என்று விலகிவிடுங்கள். இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கில வழிகாட்டி நூல்களின் விசா பகுதி பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. உங்கள் கடவுச்சீட்டு வேறு நாட்டினுடையதாக இருந்தால், அந்தப் பகுதி அச்சான அன்றே உங்களுக்குப் பொருந்தாததாக இருந்திருக்கலாம்.

இவ்வளவு குறைகளைச் சொல்லிவிட்டு ஏன் முழுவதும் படிக்கச் சொல்கிறேன் என்றால், கைபேசி நாம் கேட்ட கேள்விக்கு விடை தருகிறது. முதன்முறை செல்பவருக்கோ எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தாய்லாந்தில் நவம்பர் நல்ல பருவமா' என்று தேடினால் 'ஆம்' என்றுதான் பெரும்பாலும் வரும். தாய்லாந்தின் வட பகுதிக்கு அது சரி. அந்நாட்டின் மேற்கே அந்தமான் கடலோரத்திலும் அப்போது மழை ஓயத் தொடங்கிவிடும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சாமுய் தீவிலோ நவம்பர்தான் ஆண்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் மாதம். வியட்நாமின் நடுப்பகுதியில், ஹுவே, ஹோய் ஆன் பக்கம், அக்டோபர், நவம்பரில் வெள்ளமே வரும். அதே வியட்நாமின் வடக்கு மலைப்பகுதிகளில் டிசம்பர், ஜனவரியில் கம்பளிச் சட்டை இல்லாமல் இருக்க முடியாது. நாட்டின் தட்பவெப்பம் பற்றிய பகுதியை ஒரு மாலை ஒதுக்கி ஊன்றிப் படிப்பவர், வட தாய்லாந்தில் தொடங்கி, நவம்பரின் பிற்பகுதியில் லாவோஸுக்குள் சென்று, டிசம்பரில் வட வியட்நாமை அடைந்து, மழை தணிந்த பிறகு தெற்கு நோக்கி இறங்கும் பாதையைத் தாமே வகுத்துக்கொள்வார். உங்கள் எழுபது நாள்களுக்கும் நான் பரிந்துரைப்பது இந்த வரிசையைத்தான். தீவுகளுக்குச் செல்ல ஆசை இருந்தால் இந்தப் பயணத்தில் தாய்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் பகுதியும் அவ்வாறே பழையதாகாதது. 1964க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்கா லாவோஸின் மீது இருபது லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் உயிர்களைப் பறிக்கின்றன. சியாங் குவாங் மாநிலத்தில் கற்சாடிகள் நிறைந்த சமவெளியைப் பார்க்கப் போகிறவர், குண்டு அகற்றப்பட்டதாக அடையாளமிட்ட பாதையைவிட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. அந்த ஊரில் தங்குமிடம் தேடும் செயலி இதை உங்களிடம் சொல்லப்போவதில்லை; வழிகாட்டி நூல் சொல்கிறது. பாங்காக் அரண்மனை வாசலில் 'இன்று அடைப்பு' என்று இனிமையாகச் சொல்லி, மலிவுக் கட்டணத்தில் துக்-துக் எனப்படும் ஆட்டோவில் ஏற்றி, நகைக்கல் கடையில் இறக்கிவிடும் ஏமாற்று பல பத்தாண்டுகளாக வழிகாட்டி நூல்களில் எச்சரிக்கப்பட்டுவருகிறது. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஒரு பத்தியைப் படித்தவர் மாட்டமாட்டார்.

தங்குமிட, உணவகப் பரிந்துரைகளைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். நூலாசிரியர் பட்டியலிலுள்ள எல்லா விடுதிகளிலும் இரவு தங்கியிருக்க முடியாது. பலவற்றில் அறையைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார். அச்சில் பெயர் வந்த விடுதி நிறைந்துவிடுகிறது, வாடகை ஏறுகிறது, தேடி வருவோர் குறையாததால் கவனிப்பு தளர்ந்துவிடுகிறது. பயண வழிகாட்டி நூல்களை வெளியிடும் லோன்லி பிளானட் நிறுவனத்தின் முதல் தென்கிழக்காசிய வழிகாட்டி 1975இல் வந்தது. அன்றிலிருந்து ஒரே நூலைப் பின்பற்றிய பயணிகள் ஒரே தெருக்களில், ஒரே விடுதிகளில் ஒருவரையொருவர் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொண்டே போவது இந்தப் பாதையின் இயல்பாகிவிட்டது. ஆகவே விடுதிப் பெயரை விட்டுவிட்டு, ஊரின் எந்தப் பகுதியில் தங்குவது, அது ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தொலைவு என்பதை மட்டும் நூலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். விடுதியை அன்றைய மதிப்புரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அங்கும் எச்சரிக்கை தேவை: 2017இல் லண்டனில் இதழாளர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையை உணவகமாகப் பதிந்து, போலி மதிப்புரைகளைக் கொண்டே ட்ரிப்அட்வைசர் என்ற மதிப்புரைத் தளத்தில் அந்நகர உணவகங்களிலேயே முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். கடைசி மூன்று மாத மதிப்புரைகளை, குறிப்பாக நடுத்தர மதிப்பெண் தந்தவர்கள் எழுதியவற்றை, நிதானமாகப் படியுங்கள். மிகுந்த புகழ்ச்சியும் மிகுந்த கோபமும் அறையைப் பற்றிக் குறைவாகவே தெரிவிக்கும்.

புதிய பதிப்பைப் பொறுத்தவரை, மூன்று நாடுகளுக்கும் தனித்தனி நூல் வாங்குவது பணத்துக்கும் முதுகுக்கும் தண்டம். நீங்கள் நெடுநாள் தங்கும் ஒரு நாட்டுக்கு மட்டும், உங்கள் பாதையில் அது வியட்நாமாக இருக்கலாம், புதிய நூல் வாங்கலாம். கையிலுள்ள பழைய நூலை நண்பர் திருப்பிக் கேட்கமாட்டார் என்றால், தட்பவெப்பம், வரலாறு, பண்பாடு, எச்சரிக்கை, ஊர் வரைபடம் ஆகிய பக்கங்களை மட்டும் கூரிய கத்தியால் முதுகுத் தையலோரம் வெட்டி, நாடுவாரியாகத் தைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டைக் கடந்ததும் அதற்குரிய பக்கங்களை விடுதியின் புத்தக அலமாரியில் விட்டுச்செல்லலாம். திருப்பிக் கேட்பார் என்றால் அப்பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில் மூன்று நாடுகளின் வரைபடங்களையும் இணையமின்றிப் பார்க்கும்படி முன்பே இறக்கி வையுங்கள். இலவச இணையப் பயண வழிகாட்டியான விக்கிவாயேஜின் கட்டுரைகளையும் கிவிக்ஸ் செயலி வழியாக அவ்வாறே சேமிக்கலாம். ஒவ்வோர் எல்லையைக் கடப்பதற்கும் ஒரு வாரம் முன்பாக, அந்த எல்லைச் சாவடி இ-விசாவை ஏற்கிறதா என்பதை அந்நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். லாவோஸிலிருந்து வியட்நாமுக்குள் செல்லும் எல்லாச் சாவடிகளும் அந்தப் பட்டியலில் இல்லை.