கொம்பி வானின் கறளும் பழைய வர்ணமும்

கேள்வி: திருகோணமலைக் கடற்கரையோரம் உள்ள உப்புவெளியில் வசிக்கிறேன். என் தந்தையார் பாவித்த 1972ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி வான் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கீழே நீலமும் மேலே வெள்ளையுமாகத் தொழிற்சாலையில் பூசிய வர்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பக்கக் கதவில் அப்பாவின் கடைப்பெயரை ஒருவர் தூரிகையால் எழுதிக் கொடுத்தார், அதுவும் அழியவில்லை. ஆனால் முன்கண்ணாடிக்குக் கீழே வர்ணம் குமிழ்விட்டிருக்கிறது, கதவடித் தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்துள்ளன, ஜாக்கி வைத்தால் தகடு உள்ளே நசுங்குகிறது. ஒரு கராஜில் முழு வர்ணத்தையும் சுரண்டி எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் ஓட்டைகளின் மேல் தகடு வைத்துப் பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) பூசி ஒரே வாரத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: இரண்டுக்கும் சம்மதிக்க வேண்டாம். முதலாவது யோசனை நல்ல வர்ணத்தையும் சேர்த்து அழிக்கிறது, இரண்டாவது யோசனை கறளை மூடி வைத்து வளர்க்கிறது. உங்கள் வானுக்கு வேண்டியது, கறள் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து நல்ல தகடு பொருத்துவதும், அந்த வேலையின் சூடும் தூசியும் மிச்ச வர்ணத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும்தான். அப்படி வேலை செய்யக்கூடிய கைகளைத் தேடிப் பிடிப்பது சிரமம், செலவும் காலமும் கூடும். ஆனாலும் ஐம்பது வருடம் கடந்த அந்த வர்ணத்தை ஒருமுறை சுரண்டிவிட்டால் எந்தப் பணத்தாலும் திரும்பப் பெற முடியாது என்பதால், அந்தச் சிரமத்தைப் படும்படியே சொல்வேன்.

கறள் எங்கிருந்து தொடங்கியது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். 1967 முதல் 1979 வரை ஜேர்மனியில் தயாரான அந்த வகைக் கொம்பியின் உடல், நாகமுலாம் இல்லாத வெறும் இரும்புத் தகட்டால் ஆனது. கதவடியில் இருப்பது ஒற்றைத் தகடு அல்ல. அடுக்கடுக்கான தகடுகளை இணைத்த ஒரு பெட்டி. மழைநீர் உள்ளே இறங்கினாலும் கீழேயுள்ள சிறு துளைகள் வழியாக வடிந்துவிடும் வகையில் அதை அமைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளைச் சேறும் சருகும் அடைத்துவிட்டால் நீர் தேங்குகிறது, கறள் உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளியே வெள்ளைக்காசு அளவு குமிழ் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும். முன்கண்ணாடியின் அடியிலும் நடப்பது இதுவே: பழைய இறப்பர் காய்ந்து வெடித்து, அதற்கும் தகட்டுக்கும் இடையில் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே கண்ணாடியையும் இறப்பரையும் கழற்றாமல் அந்த இடத்தைத் திருத்துவதாக எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். இவற்றோடு கூரையோரப் பீலி, சக்கர வளைவுகளின் உட்புறம், முன் இருக்கைகளின் கால்தளம், இயந்திர அறையில் பற்றரி வைக்கும் தட்டு ஆகியவற்றையும் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பற்றரித் தட்டைத் தின்பது மழைநீர் மட்டுமல்ல, பற்றரியிலிருந்து கசியும் அமிலமும்தான்.

நம் ஊரின் காற்று இதை இன்னும் விரைவாக்குகிறது. வாடைக்காலத்து மழையைத்தான் பலரும் பழிக்கிறார்கள். மழை உப்பைக் கழுவியும் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் மழையே இல்லாமல் உப்புப் படியும் மாதங்களுக்கு நான் கூடுதலாகப் பயப்படுகிறேன். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட், காற்றின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே நீரை உறிஞ்சி ஈரமாகிவிடும் தன்மை உடையது. கடற்கரையூரில் காற்று அவ்வளவு காய்வது அரிது என்பதால், உப்புப் படிந்த தகடு பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் உண்மையில் உலர்வதே இல்லை. இந்தக் காரணத்தால்தான், கறளைச் சுரண்டிய பிறகு தகட்டை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே அடிப்பூச்சுக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உப்பின் மேல் பூசிய வர்ணம், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், சில மாதங்களில் குமிழ்விடும். கடலோரத்தில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. உங்கள் கிணற்று நீரும் அப்படியானால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள்.

வெல்டிங் வேலை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வர்ணம் பெரும்பாலும் இங்கேதான் அழிகிறது. வாயுச் சுடரால் ஒட்டினால் சூடு அகலமாகப் பரவித் தகட்டை நெளித்து, ஒரு சாண் தூரத்துக்கு வர்ணத்தைக் கருக்கிவிடும். மெல்லிய கம்பியை ஊட்டி மின்சாரத்தால் ஒட்டும் மிக் வெல்டிங் இயந்திரத்தால் ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்து, இப்படியே சுற்றி நிரப்பிக்கொண்டு வந்தால், சுற்றிலும் ஈரத்துணி போர்த்திய நிலையில் வர்ணம் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் பழுதாகாது. பொருத்தும் தகடு பழைய தகட்டின் தடிப்பிலேயே, ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் அளவில், வெறும் உருக்குத் தகடாக இருக்கட்டும். வீட்டுக் கூரைக்குப் போடும் நாகமுலாம் பூசிய தகட்டுத் துண்டை வைத்து ஒட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதன் முலாம் எரியும்போது எழும் நாகப் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும், அந்த ஒட்டு உறுதியாகவும் இருக்காது. வெட்டும்போது பழைய தகட்டில் பளிச்சென்ற இரும்பு தெரியும் இடம்வரை வெட்டச் சொல்லுங்கள். வர்ணத்தைக் காப்பாற்றும் ஆசையில் கறள் பிடித்த விளிம்பை விட்டுவைத்தால் அந்த ஒட்டு நிற்காது. ஜாக்கி வைக்கும் இடமும் அதைத் தாங்கும் குறுக்குத் தாங்கிகளும் வானின் பலம் நிற்கும் உறுப்புகள். அங்கே வர்ணம், அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை, முழுமையாக மாற்றுங்கள். பெற்றோல் தாங்கி இயந்திர அறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பின்பகுதியில் பொறி பறக்கும் வேலை எதுவானாலும் அதற்கு முன் தாங்கியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். ஒட்டு முடிந்தபின் இரும்பின் மேல் நேரே பட்டி பூச விடாதீர்கள். பட்டி நீரை உறிஞ்சும். முதலில் எபொக்சி அடிப்பூச்சு, அதன் மேல் மிக மெல்லியதாகப் பட்டி, பிறகு வர்ணம் என்பதே வரிசை.

தகடு உறுதியாக இருந்து, மேலே மட்டும் செங்கறை படிந்த இடங்களுக்கு சாண்ட் பேப்பர் தேவையே இல்லை. ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 20 முதல் 30 கிராம் வரை ஒக்சாலிக் அமிலத் தூளைக் கரைத்து, அதில் நனைத்த துணியைக் கறையின் மேல் போட்டு, காயாதபடி பொலித்தீனால் மூடிச் சில மணி நேரம் வைத்தால், கறள் கரைந்து வர்ணம் தங்கும். துணி காய்ந்தால் மஞ்சள் படிவு விழுமாகையால் இடையிடையே நனையுங்கள். பின்பு நன்றாகக் கழுவி, அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, மறுபடியும் கழுவுங்கள். இத்தூள் நஞ்சு, கையுறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். கடைப்பெயர் எழுதிய கதவில் இதைச் செய்யவே வேண்டாம். அந்த எழுத்து தொழிற்சாலை வர்ணம்போல் சூளையில் காய்ந்ததல்ல. அமிலமோ பொலிஷோ பட்டால் உரிந்து வரலாம். மென்மையான துணியும் வெறும் நீரும், அதன் பின் மெல்லிய மெழுகும் அதற்குப் போதும்.

வெளிறிய நீலத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அக்காலத்து வர்ணம் மேலே வேறு ஒளிப்பூச்சு இல்லாத ஒற்றை அடுக்கு எனமல். வெயிலில் அதன் மேற்பரப்பு மட்டுமே மாவாகிப் போகிறது. மென்மையான பொலிஷைத் துணியில் தொட்டுக் கையால் தேய்த்தால் துணியில் நீலம் ஏறும். அது ஒற்றை அடுக்கு வர்ணம் என்பதற்கும் அடையாளம். வெள்ளைப் பகுதியைச் சோதிக்கக் கறுப்புத் துணியைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் எதுவும் தெரியாது. மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் வர்ணம் மிக மெல்லியது. அங்கே இயந்திரத்தால் தேய்க்க விட்டால் சில வினாடிகளில் இரும்பு தெரியும். முழுவதையும் பொலிஷ் செய்து முடித்த பின்னரே திருத்திய இடங்களுக்கு நிறம் கலக்கச் சொல்லுங்கள். வர்ணக் குறியீடு முன் இருக்கைக்குப் பின்னால் ஆணி அடித்த சிறு தகட்டில் இருக்கும். ஆனாலும் அந்தக் குறியீட்டின்படி கலந்த புது நீலம், ஐம்பது வருட வெயில் கண்ட நீலத்துடன் சேராது. கண்ணால் பார்த்துத்தான் கலக்க வேண்டும். கதவடியில் பூசும் புது வர்ணம் ஒரு தகட்டு மடிப்பில் வந்து முடியட்டும், அப்போது சிறு வேறுபாடு கண்ணில் படாது. பழைய வர்ணங்களில் ஈயம் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், தேய்க்க வேண்டிய இடத்தை நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

வேலை முடிந்ததும் கதவடிப் பெட்டியின் உள்ளே நீண்ட குழாய் முனை வைத்து மெழுகெண்ணெய் தெளியுங்கள், ஆனால் வடிதுளைகளை அடைத்துவிடாதீர்கள். அடித்தட்டுக்குத் தார் அடிக்கச் சொல்வார்கள். வெடித்த தாரின் பின்னால் உப்புநீர் புகுந்தால் அது வெளியே தெரியாமலே தின்னும். பாவித்த என்ஜின் எண்ணெயும் வேண்டாம், அதில் அமிலம் உண்டு, இறப்பரைக் கெடுக்கும். பொலித்தீன் தறப்பாளால் வானைப் போர்த்தியும் வைக்காதீர்கள். இரவில் அதன் உட்புறம் வியர்த்து, காலைவரை தகட்டை நனைத்தே வைத்திருக்கும். காற்றோட்டமான கூரையின் கீழ் திறந்தபடி நிறுத்தி, வாரம் ஒருமுறை அடிப்புறத்தையும் கழுவுவதே நல்லது.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் ஒரு பழைய கொம்பி விற்பனைக்கு வந்திருக்கிறது. புதிதாக வர்ணம் அடித்துக் கண்ணாடிபோல் மின்னுகிறது. விலை கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அந்த மினுக்கத்துக்கு விலை கொடுக்காதீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சக்கர வளைவு, கதவடி, முன்கண்ணாடியின் அடி ஆகிய இடங்களில் வையுங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது பட்டி. தரை விரிப்பைத் தூக்கி, உதிரிச் சக்கரத்தைக் கழற்றி, அடியில் படுத்துப் பாருங்கள். புதுத் தார் கறுப்பாக மின்னினால் கத்தி முனையால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இயந்திர அறையில் பொறித்துள்ள செசி இலக்கமும், முன் இருக்கைக்குப் பின்னாலுள்ள தகட்டின் இலக்கமும், பதிவுச் சான்றிதழும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சான்றிதழில் எழுதியிருக்கும் நிறமும் வானின் நிறமும் வேறாயின், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிந்து தரும் பொறுப்பு விற்பவருடையது என்று முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். என் அபிப்பிராயத்தில், கறள் கண்ணுக்குத் தெரியும் பழைய வர்ண வானே வாங்குவதற்கு ஏற்றது. அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை வாங்குமுன்பே எண்ணிவிடலாம்.

கேள்வி: என் 1976ஆம் ஆண்டு வானின் ஒரு கதவை மட்டும் திருத்தும்படி வாய்மொழியாகச் சொல்லி ஒரு கராஜில் விட்டேன். திரும்பிப் போனபோது முழு வானுக்கும் வர்ணம் அடித்து, அதற்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்? (அலஸ்தோட்டம் வாசகர்)

பதில்: படிக்கும்போதே வருத்தமாக இருக்கிறது. முதலில் வானை அங்கேயே வைத்து நாலு புறமும் படம் எடுங்கள். முன்பு எடுத்த குடும்பப் படங்களில் வான் நிற்பவை இருந்தால் தேடி எடுங்கள். கேட்ட வேலைக்கும் கேளாத வேலைக்கும் பிரித்துப் பற்றுச்சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழியும் கேட்கலாம். ஊர் மத்தியஸ்த சபை மூலம் பேசித் தீர்க்கவும் இடமுண்டு.

வர்ணம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வர்ணத்தைக் கரடுமுரடாக உரசாமல் அதன் மேலேயே அடித்திருந்தால், இன்னும் முழுதாக இறுகாத புது வர்ணத்தை மட்டும் கரைப்பானால் மெல்ல இளக்கி எடுக்க வழி உண்டு. தொழிற்சாலைச் சூளையில் காய்ந்த பழைய எனமல் அதற்கு எளிதில் அசையாது. இதற்கு நாள் கடத்தக் கூடாது. கதவின் உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சோதித்து, கீழே பழைய நிறம் கீறலின்றித் தெரிகிறதா என்று இந்த வாரத்திலேயே பார்த்து எனக்கு எழுதுங்கள்.