கொழும்பில் தனிய ஒரு பகல்: வன்னியிலிருந்து வாறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கமிருந்து ஏதோ அலுவலாகக் கொழும்புக்கு வாறவர்களுக்கு, இரவு பஸ் வெளிக்கிடும்வரை ஒரு முழுப் பகல் கையில் மிஞ்சும். அந்த ஒரு பகலைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

கேள்வி (மாங்குளம்): அக்கா, இரவு பஸ் விடியப்புறம் 4 மணிக்கே புறக்கோட்டையில இறக்கிவிட்டிடும். அந்த நேரம் எங்க போறது? பையை என்ன செய்யிறது?

பதில்: இறங்கின இடத்தில் நிக்காதேங்கோ. பஸ் இறக்கிவிடுற பஸ்தியன் மாவத்தையிலிருந்து கோட்டை ரயில் நிலையம் கிட்டத்தான். குறுக்கு ஒழுங்கைகளுக்குள் இறங்காமல் ஒல்கொட் மாவத்தையின் வெளிச்சத்திலேயே நடவுங்கோ. ஒல்கொட்டின் சிலை தெரிந்தால் நிலைய வாசல் வந்துவிட்டது. உள்ளே சனம் இருக்கும், கழிப்பறை இருக்கும், முகம் கழுவலாம். நல்லாய் விடியும்வரை அங்கேயே இருங்கோ. "வாங்கோ, றூம் காட்டிறன்" என்று வாற ஓட்டோக்காரருக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடவுங்கோ, கதை குடுக்க வேண்டாம்.

பையை நிலையத்தின் பொதிக் காப்பகத்தில் வைக்கலாம். சிப்பில் சின்னப் பூட்டுப் போடுங்கோ. குடுக்க முதல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கோ. பிந்திப் போனால் பை உள்ளே, பஸ் வெளியே. அடையாள அட்டை, மருந்து, கிளினிக் கொப்பி, காசு நாலும் உங்களோடேயே வரவேணும்.

இன்னொன்று. ஒரு கடதாசித் துண்டில் திரும்பிப் போற பஸ்ஸின் இலக்கம், நடத்துநரின் போன் நம்பர், ஏறும் இடம், நேரம், வீட்டு நம்பர் ஒன்று, எல்லாம் பேனையால் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கோ. நாள் முழுக்கப் படம் எடுத்து, பாதை பார்த்து, பின்னேரம் 5 மணிக்குப் போன் செத்துப்போகும். எல்லா நம்பரும் அதுக்குள்ளேதான் கிடக்கும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): தெஹிவளை மிருகக்காட்சிசாலை, தாமரைக் கோபுரம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நூதனசாலை, கங்காராமை, காலிமுகத்திடல், கல்கிசைக் கடற்கரை, செட்டியார் தெரு. எல்லாத்தையும் ஒரே நாளில பாக்க எப்பிடித் திட்டம் போடலாம்?

பதில்: ஏலாது தம்பி. கொழும்பு கடலோரமாய் நீளவாட்டில் விரித்த பாய் மாதிரி. உங்கட பட்டியலில் கொச்சிக்கடை வடக்கு முனை, புறக்கோட்டையும் கோட்டையும் அதுக்குக் கீழே, பிறகு காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று தெற்கே இழுபடும். கொழும்பு 1, 2, 3 என்ற இலக்கங்களை நம்பித் தூரத்தைக் கணிக்காதேங்கோ. 6 வெள்ளவத்தை, 13 கொட்டாஞ்சேனை, இரண்டுக்கும் நடுவில் முழு நகரமும் கிடக்கு. நீங்கள் எழுதின பட்டியலோடு போனால் பாதி நாள் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும்.

ஒரு நாளைக்கு ஒரு கோடு. வடக்குக் கோடு என்றால் புறக்கோட்டை, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், கொச்சிக்கடை அந்தோனியார், பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பலவாணேசரைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். தூண்களைக் கிட்டப்போய்த் தொட்டுப் பாருங்கோ. மத்தியானம் நடை சாத்துவார்கள், அதனால் காலமையே போய்விடவேணும்.

தெற்குக் கோடு இப்படி. 6.30க்குக் காலிமுகத்திடல், காத்து இருக்கும், சனம் குறைவு. 9 மணிக்கு நூதனசாலை திறக்கும்போது வாசலில் நில்லுங்கோ. 11.30 அளவில் வெளியே வந்து விகாரமகாதேவி பூங்காவின் மரநிழலில் கொஞ்சம் இருந்திட்டு, ஓட்டோவில் காலி வீதிக்கு வந்து, 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை. சாப்பாடு, புத்தகக்கடை, பின்னேரம் கடற்கரை. 12 முதல் 3 மணிவரை வெயிலில் நடக்காதேங்கோ. எங்கட வெயில் சுட்டாலும் வேர்வை காயும். அங்கே ஈரக்காத்து, வேர்வை காயாது, ஆள் சோர்ந்துபோவார்.

கேள்வி (விசுவமடு): கோட்டையிலயிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் நல்லமோ கோச்சி நல்லமோ?

பதில்: கோச்சி. தண்டவாளம் கடலோடு ஒட்டிப் போகும், தெற்கே போகேக்க கடல் வலப்பக்கம். வெள்ளவத்தைக்கு 20 நிமிடமளவு. ரிக்கெற்றை எறியாதேங்கோ, இறங்கும் நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள்; இல்லையென்றால் தண்டம்.

குறுக்கே (வவுனியா): அக்கா சொல்லுறது சரியில்லை. 100ஆம் நம்பர் ஒண்டு போக ஒண்டு வரும். கோச்சிக்கு நிண்டு மெனக்கெட ஏலாது.

குறுக்கே (புதுக்குடியிருப்பு): அந்த 100 ஒவ்வொரு தரிப்பிலயும் ஆள் சேர்த்துச் சேர்த்து ஊரும். கோச்சிக்குச் சிக்னலும் இல்லை, நெரிசலும் இல்லை.

குறுக்கே (வவுனியா): நெரிசல் இல்லையோ? பின்னேரம் 5 மணிக்கு ஏறிப் பாருங்கோ, கால் வைக்க இடம் இராது.

பதில்: இரண்டு பேரும் நேரத்தைச் சொல்லாமல் சண்டை பிடிக்கிறியள். கந்தோர் சனம் காலமை தெற்கிலிருந்து கோட்டைக்கு வரும், பின்னேரம் கோட்டையிலிருந்து தெற்கே திரும்பும். ஒரு நாள் சுற்ற வாற நீங்கள் அதுக்கு எதிர்ப்பக்கம்: காலமை தெற்கே, பின்னேரம் கோட்டைக்கு. அந்த இரண்டு நேரமும் எதிர்ப்பக்கக் கோச்சியில் இருக்கவும் இடம் கிடைக்கும். வவுனியாத் தம்பி சொல்லுற நெரிசல் 4.30 முதல் 6.30 வரை கோட்டையிலிருந்து தெற்கே போற கோச்சிகளில். மத்தியானத்தில் கோச்சி குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அப்போது அவர் சொன்னது சரி, பஸ்தான். நிலையத்துக்குள் போய் அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கோ. அரை மணித்தியாலத்துக்கு மேல் என்றால் காலி வீதிக்கு ஏறிவிடுங்கோ.

எதில் போனாலும் வாசலில் தொங்கிக்கொண்டு கடலைப் படம் எடுக்காதேங்கோ. ஒரு கையில் போன், மற்றக் கையில் ஈரக் கம்பி. கோச்சி வளைவில் உதறும்.

குறுக்கே (பரந்தன்): நாள் வாடகைக்கு ஓட்டோ பிடிச்சா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லையே?

பதில்: காசு கரையும். சின்னத் தூரத்துக்கு மட்டும், மீற்றர் போட்டு, இல்லாட்டிப் போனில் ஓட்டோ பிடிக்கிற பிக்மீ செயலியில் பிடியுங்கோ. பஸ்–கோச்சிக் கதை இதோட சரி.

கேள்வி (முழங்காவில்): நூதனசாலையில எங்கட ஆக்களுக்குப் பாக்க என்ன இருக்கு? பெரிய கட்டடம், கால் நோகும்.

பதில்: நல்ல கேள்வி. புறக்கோட்டையில் 138ஆம் இலக்க பஸ் ஏறினால் கிட்ட இறங்கலாம். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த கட்டடம். எல்லா அறையும் சுற்றாமல், உள்ளே போனதும் காலி மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று கேட்டு நேரே அங்கே போங்கோ.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409இல் எழுதுவித்துக் கப்பலில் கொண்டுவந்த கல் அது. 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் கவிழ்த்துப் போட்டபடி கிடந்து கண்டெடுத்தார்கள். தலைப்பில் இரண்டு டிராகன். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன்கீழ் பாரசீகம். மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு இல்லை: சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. தெனாவரை என்பது தெற்கு முனையிலுள்ள தெவிநுவர. காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, எண்ணெய். ஆறு நூற்றாண்டுக்கு முதல் இந்தத் தீவின் துறைமுகத்துக்குக் கல் வெட்டினவன், தமிழ் இல்லாமல் ஏலாது என்று நினைத்திருக்கிறான்.

நேரே முன்னால் நின்றால் எழுத்துத் தெரியாது, கல் தேய்ந்துவிட்டது. ஒரு பக்கமாய் விலகி, வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தில் பாருங்கோ. வெட்டுகளில் நிழல் விழும். தெரிந்த எழுத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து வரி வரியாய்ப் போங்கோ. பாரசீகப் பகுதிதான் மோசமாய் அழிந்தது. அரை மணித்தியாலம் இதுக்கே குடுக்கலாம். பிறகு கண்டி அரசரின் சிம்மாசனம்: ஒல்லாந்தர் 1693இல் குடுத்தது, பிரித்தானியர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தது. அதோடு வெளியே வரலாம்.

கேள்வி (முள்ளியவளை): அக்கா, பொம்பிளைப் பிள்ளை தனியப் போகலாமோ?

பதில்: போகலாம் தங்கச்சி. பஸ்ஸில் சாரதிக்குக் கிட்ட இருக்கிற சீற்றைப் பாருங்கோ. காலிமுகத்திடலுக்குக் காலமை போங்கோ, இருட்டினபிறகு வேண்டாம். கழிப்பறைதான் பெண்களுக்குப் பெரிய பிரச்சினை. அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காமல் திரிந்தால் தலைசுற்றும். ரயில் நிலையம், நூதனசாலை, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை, இந்த மூன்று இடத்திலும் வெளிக்கிட முதல் போய்விட்டு வாங்கோ. யாரும் பின்னால் வந்தால் தெருவில் வேகமாய் நடக்காமல், சனம் உள்ள கடைக்குள் ஏறி நில்லுங்கோ. போன் நம்பர்கள் கடதாசியில் இருக்கவேணும், திருப்பியும் சொல்லுறன்.

கேள்வி (துணுக்காய்): பையை எங்க வைக்கலாம்?

பதில்: மாங்குளத்துக்குச் சொன்ன பதிலில் இருக்கு.

கேள்வி (செட்டிகுளம்): கடவுச்சீட்டு எடுக்க எந்தக் கந்தோர்?

பதில்: அது என்ர விஷயம் இல்லை. ஆனால் வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களக் கிளை இருக்கு. முதலில் அங்கே கேளுங்கோ.

கேள்வி (நெடுங்கேணி): சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சமாளிக்கலாமோ?

பதில்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெருவில் தமிழே காணும். மற்ற இடங்களுக்கு மூன்று வசனம் பாடமாக்குங்கோ. பஸ்ஸில் "மியூசியம் லங்க பஹினவா", நூதனசாலைக்குக் கிட்ட இறங்கிறன். ஓட்டோவில் "மீற்றர் எக்க தான்ன", மீற்றரைப் போடுங்கோ. கடையில் "கீயத?", எவ்வளவு. ஏறினவுடனேயே நடத்துநருக்கு இறங்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கோ.

கேள்வி (அக்கராயன்): காலிமுகத்திடல் இறால் வடை சாப்பிடலாமோ?

பதில்: கண்ணுக்கு முன்னால் எண்ணெயிலிருந்து எடுத்தது என்றால் ஒன்று. தட்டில் அடுக்கி வைத்தது வேண்டாம். இரவு முழுக்கப் பஸ்ஸில் இருக்கப் போறியள்.

கேள்வி (பூநகரி): எந்த மாசம் நல்லம்?

பதில்: எங்கட பக்கம் சோளகக் காத்து புழுதி கிளப்பிற வைகாசி, ஆனியில் அங்கே மழை. குடை கொண்டுபோங்கோ. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடிமழை வரும். முழக்கம் கேட்டால் காலிமுகத்திடல் வெளியில் நிக்காமல் கட்டடத்துக்குள் போங்கோ. போயா, அரச விடுமுறை என்றால் நூதனசாலை திறந்திருக்கோ என்று முதலே விசாரியுங்கோ.

கேள்வி (மல்லாவி): விடிய 4 மணிக்கு இறங்கினா...

பதில்: முதலாவது பதில், தம்பி. இதை இனித் திருப்பிக் கேக்காதேங்கோ.

கேள்வி (கிளிநொச்சி): சாப்பிட்டாப் பிறகு வெள்ளவத்தையில இரவு பஸ் வரைக்கும் என்ன செய்யிறது?

பதில்: பூபாலசிங்கம் புத்தகசாலை காலி வீதியில் இருக்கு, ஊரில் கிடையாத புத்தகங்களின் பெயரை முதலே எழுதிக்கொண்டு போங்கோ. 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கின கொழும்புத் தமிழ்ச் சங்கம்; அங்கே நூலகம் இருக்கு. 4.30க்குப் பிறகு வெயில் தாழும், மரைன் டிரைவுக்கு இறங்கினால் கடல். தண்டவாளத்தால் நடக்காதேங்கோ, அலைச் சத்தத்தில் கோச்சி வாறது கேக்காது.

தனியார் பஸ் என்றால் வெள்ளவத்தையிலேயே ஏற்றுவார்களோ என்று புக் பண்ணேக்கயே கேளுங்கோ. நிறைய பஸ்கள் ஏற்றும். புறக்கோட்டையில்தான் ஏறவேணும் என்றால் பஸ் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னமே வெள்ளவத்தையை விட்டு வெளிக்கிடுங்கோ. காப்பகத்தில் பை கிடந்தால் அதை எடுக்க இன்னும் அரை மணித்தியாலம் சேருங்கோ.