வெளி விட்ஜெட்டுக்கு உறை எழுதுவது: கேள்வி பதில்

லீஃப்லெட் (வரைபடம்), சார்ட்.ஜேஎஸ் (விளக்கப்படம்), ஃப்ளாட்பிக்கர் (திகதித் தெரிவு) மாதிரியான விட்ஜெட்டுகளுக்கு, இணையப் பக்கம் கட்டப் பாவிக்கும் ரியாக்டும் தெரியாது, வியூவும் தெரியாது. அவற்றைக் கொம்போனன்டாக (பக்கத்தின் ஒரு துண்டாக) உறையிட்டுப் பாவிக்கும்போது வரும் கேள்விகள் இவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

வெள்ளவத்தை: அக்கா, ரியாக்டில் லீஃப்லெட் போட்டால் 'மேப் கன்டெய்னர் இஸ் ஆல்ரெடி இனிஷியலைஸ்ட்' என்று பிழை வருகிறது. புரொடக்‌ஷனில் வராது. அப்படியே விடலாமா?

விடக்கூடாது. ரியாக்ட் 18 முதல், பிழை தேட உதவும் ஸ்ட்ரிக்ட் மோட், டெவலப்மென்டில் மட்டும், கொம்போனன்டை ஏற்றி, கழற்றி, திரும்ப ஏற்றிப் பார்க்கும். உங்கள் யூஸ்எஃபெக்ட் (கொம்போனன்ட் ஏறியதும் ஓடும் பகுதி) வரைபடத்தை உருவாக்குகிறது, கழற்றும்போது ஒன்றும் செய்வதில்லை. அதே டிவ்வில் இரண்டாவது வரைபடம் ஏறப் பார்த்தால் லீஃப்லெட் மறுக்கிறது. ஸ்ட்ரிக்ட் மோடை நிறுத்தினால் பிழைச்செய்தி மட்டும்தான் போகும். பயனர் பக்கம் மாறி மாறி வரும் ஒவ்வொரு முறையும் பழைய வரைபடம் தன் லிஸனர்களோடு நினைவகத்தில் கிடக்கும். 'ரெஃபில் (ரெண்டருக்கு ரெண்டர் மாறாமல் இருக்கும் பெட்டி) ஏதும் இருந்தால் திரும்பு' என்று ஒரு வரி போட்டுத் தப்புவதும் இதே கதைதான். எஃபெக்ட் திருப்பித் தரும் ஃபங்ஷனில், அதாவது கிளீனப்பில், மேப்.ரிமூவ் அழைத்து, ரெஃபை நல் ஆக்குங்கள். சார்ட்.ஜேஎஸ் 'கன்வஸ் (வரையும் பரப்பு) ஏற்கெனவே பாவனையில் உள்ளது' என்று கத்துவதும் இதனால்தான். அங்கே டெஸ்ட்ரோய் அழைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை: வரைபடத்தில் கொழும்பைக் காணவில்லை, வெறும் கடல். மோடலுக்குள் (மேலெழும் பெட்டி) வைத்தால் ஒரு மூலையில் மட்டும் டைல் (வரைபடத் துண்டு) வருகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. லீஃப்லெட் அகலாங்கை முதலில் கேட்கும்: 6.9271, 79.8612. ஜியோஜேசன் (இடத்தரவு வடிவம்) நெட்டாங்கை முதலில் வைக்கும். அதை அப்படியே கொடுத்தால் ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்பீர்கள். மாற்றும் வேலையை உறைக்குள் ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள்.

மோடல் விஷயம் அளவு. மூடியிருக்கும் மோடலில் டிவ்வின் அகலமும் உயரமும் 0. லீஃப்லெட் அதைத்தான் அளந்து வைத்திருக்கும். உறைக்குள் ஒரு ரிசைஸ்ஒப்சேர்வர் வைத்து, டிவ்வின் அளவு மாறும்போது மறுபடி அளக்க இன்வாலிடேட்சைஸ் அழையுங்கள். கிளீனப்பில் அந்த ஒப்சேர்வரையும் துண்டிக்க மறக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி: ஃப்ளாட்பிக்கரை உறையிட்டேன். பக்கத்துப் பெட்டியில் ஒரு எழுத்துத் தட்டினாலே திறந்திருக்கும் நாட்காட்டி மூடிக்கொள்கிறது.

உருவாக்கும் எஃபெக்டின் சார்புப் பட்டியலில் (இதில் ஒன்று மாறினால் எஃபெக்ட் மறுபடி ஓடும்) ஒன்சேஞ்ச், அதாவது திகதி மாறினால் அழைக்கப்படும் ஃபங்ஷன், இருக்கும், பாருங்கள். தாய்க் கொம்போனன்ட் அதை உள்ளேயே எழுதினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் புதிய ஃபங்ஷன். ரியாக்டும் ஒவ்வொரு முறையும் விட்ஜெட்டை அழித்துப் புதிதாகக் கட்டுகிறது.

ப்ரொப்புகளை (தாய்க் கொம்போனன்ட் தருபவை) மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டுதான் உறை எழுதத் தொடங்க வேண்டும். முதல் வகை கோல்பேக்குகள், ஒன்சேஞ்ச் போல விட்ஜெட் திருப்பி அழைக்கும் ஃபங்ஷன்கள். அவற்றின் கடைசிப் பிரதியை ஒரு ரெஃபில் வைத்து, விட்ஜெட்டுக்கு அந்த ரெஃபைப் பார்க்கும் ஒரே ஃபங்ஷனைக் கொடுங்கள், ரியாக்ட் 19.2 என்றால் யூஸ்எஃபெக்ட்இவென்ட் அதையே செய்யும். இரண்டாவது வகை, பெறுமதி, ஆகக் குறைந்த திகதி போன்ற, பின்னர் மாற்றக்கூடியவை. அவற்றுக்குத் தனி எஃபெக்ட் எழுதி செட்டேட், செட் மெதட்களை அழையுங்கள். உருவாக்கிய பிறகு மாற்ற வழியில்லாதவை மூன்றாவது வகை. அவை மாறினால் கீ ப்ரொப்பை மாற்றி முழுதாகப் புதிதாக்குவதுதான் நேர்மையான வழி.

ஒரு எச்சரிக்கை: பெறுமதியை வைக்கும்போது விட்ஜெட் ஒன்சேஞ்சை எழுப்பினால், அது ஸ்டேட்டை மாற்றி, ஸ்டேட் மறுபடி பெறுமதியை வைத்து, செக்குமாடு போலச் சுற்றும். ஃப்ளாட்பிக்கரின் செட்டேட், இரண்டாவது ஆர்கியுமென்ட் ட்ரூ என்று தராதவரை எழுப்பாது. மற்ற லைப்ரரிகளில் வைக்கும் முன் பழைய பெறுமதியோடு ஒப்பிடுங்கள்.

தெஹிவளை: ஏப்ரல் 14 தெரிவு செய்தால் சேர்வருக்கு 13 போகிறது!

டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் பாவித்திருப்பீர்கள், அது நேரத்தை யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி எழுதும். விட்ஜெட் தருவது கொழும்பு நேரம் 14ஆம் திகதி நள்ளிரவு. நாம் யூடிசியை விட 5:30 முன்னால் இருப்பதால் அது அங்கே 13ஆம் திகதி 18:30. நேரமில்லாத திகதியை டேட் ஒப்ஜெக்டாக உறைக்கு வெளியே விடவே வேண்டாம். ஆண்டு-மாதம்-நாள் என்ற எழுத்துவடிவில் வாங்கி அப்படியே அனுப்புங்கள். எதிர்த்திசையில் இந்தப் பிழை இங்கே கண்ணில் படாது என்பது இன்னும் மோசம். '2025-04-14' என்பதை நியூ டேட்டுக்குக் கொடுத்தால் கொழும்பில் அதே நாள் காலை 5:30 ஆகும், சரியாகத் தெரியும். டொரொன்டோவில் திறப்பவருக்குத்தான் 13 என்று காட்டும்.

மருதானை: வியூ 3இல் சார்ட்டை ரெஃபில் வைத்தேன். அப்டேட் செய்ததும் கோல் ஸ்டாக் நிரம்பிவிட்டது.

வியூவின் ரெஃப், ரியாக்டின் ரெஃபைப் போலல்லாமல், அந்தச் சார்ட் ஒப்ஜெக்டை ஆழம்வரை ப்ரொக்ஸி (இடைநின்று கண்காணிக்கும் பிரதிநிதி) ஆக்கிவிடும், பிழை அதனால்தான். உள்ளே கை வைக்காத ஷலோரெஃப் பாவியுங்கள், அல்லது மார்க்ரோ.

கொள்ளுப்பிட்டி: பழைய ப்ரொஜெக்ட், ரியாக்டுக்குள் சிலெக்ட்2 (ஜேக்வெரி லைப்ரரியில் ஓடும் தெரிவுப்பட்டியல்). பக்கம் மாறும்போது சில வேளை ரிமூவ்சைல்ட் பிழை. ஒன்சேஞ்சும் வேலை செய்யவில்லை.

சிலெக்ட்2 உங்கள் சிலெக்டுக்குப் பக்கத்திலேயே தன் ஸ்பானைச் செருகும். அந்த மட்டத்தில் ரியாக்டும் கை வைத்தால் சண்டைதான். சிலெக்டைச் சுற்றி ஒரு டிவ் போட்டு, அதற்குள் வேறெதையும் வைக்காதீர்கள். கிளீனப்பில் டெஸ்ட்ரோய். ஒன்சேஞ்ச் வராதது ஏனென்றால், ஜேக்வெரி எழுப்பும் சேஞ்ச் உண்மையான பிரவுசர் இவென்ட் அல்ல, ரியாக்டின் காதில் விழாது. ஜேக்வெரியின் ஒன் மெதட்டாலேயே கேளுங்கள்.

வெள்ளவத்தை: இன்னொன்று அக்கா. சார்ட்டில் தமிழ் எழுத்துகள் முதலில் வேறு ஃபொன்டில் வருகின்றன, மவுஸை வைத்தால் சரியாகின்றன.

கன்வஸ் ஒருமுறை வரைந்ததைத் தானாகத் திரும்ப வரையாது. ஃபொன்ட் பிந்தி வந்தால் பழையதே நிற்கும், மவுஸ் பட்டு மறுபடி வரைந்தால்தான் மாறும். சார்ட்டை உருவாக்கும் முன் டொகியுமென்ட்.ஃபொன்ட்ஸ்.லோட் அழைத்துக் காத்திருங்கள். இரண்டாவது ஆர்கியுமென்டாக 'கொ' மாதிரி ஒரு தமிழ் எழுத்தைக் கொடுப்பது முக்கியம். கொடுக்காவிட்டால் அது வெற்று இடைவெளியை வைத்துத் தேடும். கூகிள் ஃபொன்ட்ஸ் தமிழைத் தனிக் கோப்பாகப் பிரித்துத் தருவதால், லத்தீன் கோப்பு மட்டும் இறங்கிவிட்டு எல்லாம் தயார் என்று சொல்லும்.