ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இல்லாத வில்ட்ஷர் பண்ணையாள்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் தம் மாமனாரின் முன்னோரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள வில்ட்ஷர் மாவட்டத்தில், முந்நூறு பேர்கூட இல்லாத ஒரு கிராமத்தில், 1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, மாமனாரின் கொள்ளுத்தாத்தா மூன்று வயதுக் குழந்தையாகப் பதிவாகியிருக்கிறார். குழந்தையின் தந்தைக்கு அப்போது வயது 36. தொழில் பண்ணைக் கூலி. பிறந்த ஊர் அதே கிராமம். ஆனால் அந்தக் கிராமத்தின் ஞானஸ்நானங்களில் 1813 முதல் 1817 வரை இணையத்தில் தேடியும் தந்தையின் பெயர் கிடைக்கவில்லை. தேடல் இதோடு முடிந்துவிட்டதா என்பதே அவர் கேள்வி.

முடியவில்லை. நீங்கள் இதுவரை தேடியிருப்பது ஒரு பெயரை, அதுவும் வேறு யாரோ தொகுத்த அட்டவணையில். ஊர் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த ஊரையே வாசிக்கத் தொடங்கலாம். பாரிஷ் என்பது ஓர் ஆலயமும் அதைச் சார்ந்த குடியிருப்புகளும் சேர்ந்த வட்டம். நம் தென்னிந்தியத் திருச்சபையினர் சேகரம் என்பதற்கு நெருக்கமானது. ஆனால் அக்கால இங்கிலாந்தில் அது வழிபாட்டு வட்டம் மட்டுமல்ல. வரி வசூலித்து, ஏழைகளுக்குப் படியளந்து, யார் தன் ஊர்க்காரர், யார் இல்லை என்று தீர்மானித்த நிர்வாக அமைப்பும் அதுவே. ஆகவே அது விட்டுச்சென்ற காகிதங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் கையில் இருக்கும் தகவலைச் சோதியுங்கள். 1851-இல் சொல்லப்பட்ட வயதும் ஊரும் வாசலில் நின்று கேட்டவரிடம் அந்த வீட்டில் யாரோ சொன்னவை. அவர்களுக்கே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1861, 1871 கணக்கெடுப்புகளில் அதே மனிதரைப் பின்தொடருங்கள். பிறந்த ஊராக ஒருமுறை பக்கத்துக் கிராமம் சொல்லப்பட்டிருந்தாலும் அதைப் பொருட்படுத்துங்கள், ஏனெனில் வளர்ந்த ஊரையே பிறந்த ஊராகச் சொன்னவர்கள் ஏராளம். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்; அதில் 25 என்றிருந்தால் 25 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். அடுத்து அவருடைய திருமணப் பதிவு. திருமணம் 1837 ஜூலை 1-க்குப் பின் நடந்திருந்தால், மணமகன், மணமகள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஆலயத் திருமணமாக இருந்தால் ஆலயப் பதிவேட்டிலும் அதே விவரங்களே உள்ளன. பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் அதன் படம் கிடைக்கிறதா என்று பாருங்கள். தந்தை பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு செய்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி பதிவேடு. 1812-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1813 ஜனவரி முதல் ஞானஸ்நானங்கள் அச்சிட்ட பக்கங்களில், பக்கத்துக்கு எட்டு வீதம் எழுதப்பட்டன. தேதி, குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில், நடத்திவைத்த குருவானவர் என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். உங்கள் கிராமத்தின் அளவுக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய ஓராண்டு. இருபது ஆண்டுகளின் படங்களை ஒரே மாலையில், ஒரு வரி விடாமல் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கும்போதுதான் அட்டவணை காட்டாதவை கண்ணில் படும். ஒரே நாளில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்குச் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘வயது 7’ என்றிருக்கும். எழுத்து வேறுபாடும் அப்போதே பிடிபடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்ன பெயரைக் குருவானவர் காதில் விழுந்தபடி எழுதினார். தென்மேற்கு வட்டார உச்சரிப்பில் எஃப் ஒலி வி-யாக மாறுவதால் ஃபவுல்ஸ் குடும்பம் வவுல்ஸ் என்றும் பதிவாகும். பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட பதிவேட்டுப் படிகளையும் (நகல்களையும்) ஒப்பிடுங்கள். 1598 முதல் வழக்கில் இருந்த இந்தப் படிகளில், மூலத்தில் விட்டுப்போன பதிவு இருப்பது உண்டு. சாலிஸ்பரி மறைமாவட்டத்துப் படிகள் சிப்பன்ஹாமில் உள்ள வில்ட்ஷர் ஸ்விண்டன் வரலாற்று மையத்தில் உள்ளன.

கிராமத்தைச் சுற்றி ஐந்தாறு மைல் தூரத்துக்குள் உள்ள பாரிஷ்களையும் இதேபோல் பாருங்கள்; தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டு ஊரில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்கள் அங்கும் இருந்தன. வில்ட்ஷரின் மேற்குப் பகுதியில் பாப்டிஸ்ட் சபையினர் வலுவாக இருந்தார்கள். அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை என்பதால், அப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தையை ஆலயப் பதிவேட்டில் எத்தனை முறை தேடினாலும் காண முடியாது. இத்தகைய சபைகளின் பழைய பதிவேடுகள் பலவும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான் மிகவும் மதிப்பது ஏழை நிவாரணக் காகிதங்களை. 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பாரிஷ் சொந்தம். வறுமையில் விழுந்தால் அந்த பாரிஷ்தான் தாங்க வேண்டும். இதை ஊருரிமை என்று சொல்லலாம். முறைப்படி மணந்த பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தையின் ஊருரிமை வந்தது. மணமாகாதவர் ஓராண்டு முழுவதும் ஒரே எஜமானரிடம் வேலை பார்த்தாலும், கைத்தொழில் பயிற்சிக்குச் சேர்ந்தாலும் புது ஊரில் உரிமை கிடைத்தது. அதனாலேயே பண்ணையார்கள் பலர் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். வெளியூர்க்காரர் உதவி கேட்டால் நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரிப்பார்கள். அந்த விசாரணைத் தாளை முதன்முறை வாசிக்கும்போது கை நடுங்கும். தனக்கு இன்ன வயது என்று நம்புவதாகவும், இன்ன ஊரில் பிறந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாகவும், பதினான்காவது வயதில் மைக்கேல்மஸ் பண்டிகையிலிருந்து (செப்டம்பர் 29) அடுத்த மைக்கேல்மஸ் வரை இன்னாரிடம் இத்தனை பவுண்டு கூலிக்கு இருந்ததாகவும், பிறகு இன்னாளை மணந்து இத்தனை பிள்ளைகள் பெற்றதாகவும் ஒரு கூலித் தொழிலாளி சொல்லியிருப்பார். கீழே அவர் கையால் போட்ட ஒரு பெருக்கல் குறி இருக்கும். வேறெந்தப் பதிவும் இவர்களுடைய வாழ்க்கையை இப்படித் தொடர்ச்சியாகச் சொல்வதில்லை. விசாரணை முடிவில் பிறப்பித்த வெளியேற்ற ஆணைதான் குடும்பத்தை வண்டியேற்றிச் சொந்த பாரிஷுக்கு அனுப்பியது. அந்த ஆணையில் பிள்ளைகளின் பெயரும் வயதும் பெரும்பாலும் இருக்கும்.

திருமணப் பதிவில் தந்தை பெயர் வெறுமையாக இருந்தால் இதே காகிதக் கட்டுகளில் இன்னொன்றையும் தேடுங்கள். மணமாகாத தாயின் குழந்தைக்கு, 1834 வரை, பிறந்த இடமே ஊருரிமை. அந்தச் செலவுக்கு அஞ்சி, கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்பே வேற்றூருக்குத் தள்ளிவிட்ட கொடுமை நடந்தது. தள்ள முடியாதபோது, தந்தை யார் என்று தாயிடம் சத்தியம் வாங்கி எழுதி, அந்த ஆணிடமிருந்து வாராவாரம் பணம் வசூலித்தார்கள். அத்தகைய குழந்தை பதிவேட்டில் தாயின் குடும்பப் பெயரில் இருக்கும். பிற்காலத்தில் அவர் தந்தையின் பெயரையோ மாற்றாந்தந்தையின் பெயரையோ ஏற்றுக்கொண்டிருந்தால், உங்கள் தேடலில் அகப்படாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

இந்தக் காகிதங்கள் எல்லா ஊருக்கும் எஞ்சவில்லை. ஆகவே பயணத்துக்கு முன் வரலாற்று மையத்தின் இணையப் பட்டியலில் உங்கள் பாரிஷின் பெயரைத் தேடி, ஏழைகளின் மேற்பார்வையாளர் கணக்கு, ஊருரிமை விசாரணை, வெளியேற்ற ஆணை என்ற தலைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேடுகளின் படங்களைப் பொறுத்தவரை, வில்ட்ஷருக்கு உரியவை ஆன்செஸ்ட்ரி தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் ஆகிய இலவசத் தளங்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தமான ஒரு ஞானஸ்நானம் கடைசியில் கிடைத்ததும் அதைக் குடும்ப மரத்தில் உடனே எழுதிவிடாதீர்கள். அடக்கப் பதிவேட்டை எடுத்து, அதே பெயர் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். 1813-க்குப் பின் அடக்கப் பதிவிலும் வயதும் குடியிருப்பும் உண்டு. ஆறு வாரத்தில் இறந்துபோன ஒரு சிசுவைத் தம் முன்னோராக வரித்துக்கொண்ட குடும்ப மரங்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்து பிறந்த பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். ஆகவே அந்தப் பெயர் அடக்கத்தில் அகப்பட்டால், அதற்குப் பிந்திய ஆண்டுகளின் ஞானஸ்நானப் பக்கங்களுக்குத் திரும்புங்கள். உங்கள் மாமனாரின் முன்னோர் அந்த இரண்டாவது குழந்தையாக இருக்கக்கூடும்.