ஒரே நீர்மட்டம், இரண்டு செய்தி

கேள்வி: கேரளத்து வண்டிப்பெரியாறில் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறோம். அண்ணன் கம்பத்தில் நெல் போடுகிறார். மழைக்காலம் வந்தால் மலையாளச் சேனலில் முல்லைப் பெரியாறு அணையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். தமிழ்ச் சேனலில் கொண்டாட்டம். ஒன்பதாவது படிக்கும் மகள், "அம்மா, நாம எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். வகுப்பில், தமிழரை மட்டம் தட்டிச் சொல்லும் 'பாண்டி' என்ற கேலி வேறு. வீட்டில் செய்தி பார்ப்பதையே நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வியே வரும்.

அணையில் தண்ணீர் 140 அடியைத் தொடுகிற நாளில் இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எண் ஒன்றுதான். ஒன்றில் 'விவசாயிகள் மகிழ்ச்சி', மற்றதில் 'ஆசங்க', அதாவது கவலை. மைக் யாரிடம் போகிறது என்றும் கவனியுங்கள். இங்கே கம்பம் விவசாயி, அங்கே பெரியாற்றங்கரை வீட்டுக்காரர். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருப்பது மலையாளச் செய்தியில் ஒரு வரியோடு போய்விடும். 1895-ல் கட்டி முடித்த அணைக்குக் கீழே ராத்திரி தூங்குகிறவரின் பயம் தமிழ்ச் செய்தியில் 'வதந்தி' என்ற சொல்லோடு முடிந்துவிடும். அணை பலமாக இருக்கிறது என்று சொல்லி, 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலை. தீர்ப்புதான் வந்துவிட்டதே என்று கரையோரத்துக்காரரை அதட்டினால் அதுவும் ஒருதலைதான்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அணைக்குக் கீழே வாழும் தமிழர் நீங்கள். ஒரு சேனலில் தமிழர் என்றால் தண்ணீர் கேட்பவர். இன்னொன்றில் பயப்படுகிறவர் என்றால் மலையாளி. இரண்டிலும் உங்கள் லயம் இல்லை. மகள் எந்தப் பக்கம் என்று கேட்காமல் என்ன செய்வாள்?

மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் இரவே கரிப்பூரில் விமான விபத்து. கேமராக்கள் அங்கே திரும்பின. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சினிமாவையும் விடாதீர்கள். மலையாளப் படத்தில் தமிழர் லாரி டிரைவராகவோ ரவுடியாகவோ வந்தால் நமக்குச் சுருக்கென்கிறது. தமிழ்ப் படத்தில் டீக்கடை நாயர் கொச்சைத் தமிழ் பேசும்போது நாம் சிரித்துவிடுகிறோம். அந்தச் சிரிப்பையும் அவள் யோசிக்க வேண்டும். அதற்காக 'பாண்டி' கேலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நேரில் போய் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரே நாள், ஒரே சம்பவம், இரண்டு மொழிச் செய்தி. தலைப்பில் என்ன சொல், யார் பேசினார்கள், யாரைக் கேட்கவே இல்லை, காட்டியது இன்றைய படமா பழைய படமா என்று அவளே எழுதட்டும். அண்ணன் போன் செய்யும்போது மலையாளச் செய்தியில் கேட்டதை மாமாவுக்குத் தமிழில் சொல்லட்டும். கம்பத்தில் நாற்று விட்டாயிற்றா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று அவரிடம் கேட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.