ஆஸ்துமா ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: எனக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். நான் காட்டும் மருத்துவமனையில் காற்று மாசு, மூச்சுக்குழாய் அழற்சி பற்றிய ஆராய்ச்சி ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். புது மருந்து எதுவும் கிடையாதாம், அளவுகள் மட்டும் எடுப்பார்களாம். "சோதனை எலி ஆகாதே" என்கிறார் அம்மா. சேரலாமா?

பதில்:

சேருங்கள். நான் சேர்ந்தவன். உண்மையைச் சொன்னால் அந்த 'சோதனை எலி'யைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என்னை அப்படிச் சொன்னவர் என் மாமனார். தீபாவளிக்குக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில எலியா இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கையில் அதிரசத்தோடு நானும் சிரித்து வைத்தேன். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும், அம்மாவோடு இருக்கிறீர்கள், பையில் எப்போதும் ஒரு நீல இன்ஹேலர் இருக்கிறது என்று நானே வைத்துக்கொள்கிறேன். எனக்கு 44. அம்பத்தூரிலிருந்து கிண்டிக்குத் தினமும் பைக். மூச்சு வாங்கும் நாளெல்லாம் ரோட்டைத்தான் திட்டுவேன். லாரிப் புகை, மெட்ரோ வேலைப் புழுதி, சிக்னலில் முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோ. என் ஆஸ்துமாவுக்கு அரசாங்கம்தான் பொறுப்பு என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சியில் என்னை என்ன செய்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஊத வைத்தார்கள். ஸ்பைரோமெட்ரி, அதாவது எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறோம் என்று அளக்கும் டெஸ்ட், நீங்களே ஊதியிருப்பீர்கள். இன்னொரு கருவி, நாம் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும். பெரியவர்களுக்கு 25க்குக் கீழே வந்தால் குறைவு, 50க்கு மேலே போனால் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு அடங்குகிற வகை அழற்சி இருக்கலாம் என்று கணக்கு. முதல் நாள் எனக்கு அது எகிறிவிட்டது. "நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் நர்ஸ். பீட்ரூட் பொரியல், கீரை மசியல். இரண்டிலும் நைட்ரேட் அதிகம், அளவை ஏற்றிவிடும். முன்பே கொடுத்திருந்த தாளில் அது அச்சாகியே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அரை நாள் லீவு போனது.

அப்புறம் சளி. உப்பு நீரை நெபுலைசரில் இழுக்க வைத்து, இருமி இருமி ஒரு டப்பாவில் துப்பச் சொல்வார்கள். இழுப்பு வந்துவிடக் கூடாதென்று மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமாலை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் சுகமான வேலை இல்லை. அந்தச் சளியில் எந்த வெள்ளையணு கூடுதல் என்று எண்ணுகிறார்கள். ஈசினோஃபில் கூடுதல் என்றால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்கும். நியூட்ரோஃபில் கூடுதல் என்றால் அவ்வளவாகக் கேட்காது, புகையால் கிளம்பும் அழற்சியில் பெரும்பாலும் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெயர் வீசிங்தான்.

ஆறு வாரத்துக்குக் காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி நோட்டில் எழுத வேண்டும். எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் கருவி அது, எண் கூடினால் நல்லது. நடுவில் மூன்று நாள் ஒரு பையை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். பைக்குள் சின்ன பம்ப், சட்டைக் காலர் வரை ஒரு குழாய், நிமிடத்துக்கு நிமிடம் தூசியின் அளவைப் பதியும் ஒரு சென்சார். அது மெல்லிதாக 'கிர்ர்' என்று கத்திக்கொண்டே இருக்கும். முதல் நாளே ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் பையைத் திறக்கச் சொன்னார். "காத்தை அளக்குதுண்ணே" என்றேன். என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழாயைப் பிடுங்கிவிட்டார். அந்த நாளின் கணக்கு போச்சு.

அந்த ஆறு வாரத்துக்கு நடுவில் மாமனார் ஊருக்குப் போய் ஐந்து நாள் இருந்தோம். தென்காசிப் பக்கம். காலை அளவு அம்பத்தூரில் 310, 320 என்று இருந்தது, அங்கே மூன்றாம் நாளே 390ஐத் தொட்டது. திரும்பி வந்ததும் பழையபடி 320. நான் பெருமையாக, "பார்த்தீங்களா டாக்டர், எல்லாம் சென்னை டிராஃபிக்" என்றேன். அவர் சிரித்துவிட்டு லண்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். ஆஸ்துமா உள்ள 60 பேரை ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். அங்கே ஓடியதெல்லாம் பெரும்பாலும் டீசல் பேருந்தும் டாக்சியும்தான். இன்னொரு நாள் அதே ஆட்களை ஹைட் பார்க்கில் நடக்க வைத்தார்கள். 2007ல் முடிவு வெளியானது. ஒரு வினாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு தெருவில் அதிகபட்சம் 6.1 சதவீதம் குறைந்தது, பூங்காவில் 1.9 சதவீதம்தான். சளியிலும் நியூட்ரோஃபில் வகை அழற்சியின் அடையாளங்கள் தெருவில் நடந்த பிறகு கூடியிருந்தன.

"அப்போ நான் சொன்னது சரிதானே?" என்றேன். "அவங்க அதே ஆளை இரண்டு இடத்திலும் நடக்க விட்டாங்க, நடக்கும் நேரத்தை மாத்தலை. உங்க மாமனார் ஊர்ல எத்தனை விஷயம் மாறிச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். டிராஃபிக் இல்லை, ஆபீஸ் இல்லை, படுக்கை வேறு, தலையணை வேறு. அப்புறம், அங்கே கொசுவலை கட்டிப் படுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா இரவு ஒன்பதரைக்குக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவார்.

பையின் சென்சார் வரைந்த கோட்டைக் கணினியில் காட்டினார்கள். காலை எட்டரைக்கு, ஆபீஸ் போகும் வழியில் பாடி என்ற இடத்தில் ஒரு மேடு. இரவு ஒன்பதரைக்கு ஒரு மலை. அது விடியற்காலை வரை இறங்கவே இல்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003லேயே அளந்து எழுதியிருக்கிறார்களாம். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

இதைச் சொன்னதும் அம்மா, "நாப்பது வருஷமா கொளுத்துறேன், நீ வளரலையா?" என்றார். வளர்ந்தேன், வீசிங்கோடு. அதை வெளியே சொல்லவில்லை. பைக், ரோடு, இன்ஹேலர் எதையும் மாற்றாமல் சுருளை மட்டும் நிறுத்தி வலை கட்டினேன். இரண்டு வாரத்தில் காலை அளவு 370க்கு வந்து நின்றது. வலை கொடுத்தனுப்பியவர் மாமனார். இப்போது ஊரெல்லாம் தான்தான் என் ஆஸ்துமாவைக் குணமாக்கியதாகச் சொல்லிக்கொள்கிறார்.

உடனே கீழே வந்து, "ஒரு ஆள் கணக்கு ஆராய்ச்சியா? டிராஃபிக் நல்லது என்கிறாயா?" என்று எழுதாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பாடி மேடும் மேடுதான். இன்ஹேலரை விடச் சொல்லவும் இல்லை, இன்றைக்கும் இரண்டு வேளை போடுகிறேன். மாமனார் வீட்டிலும் வெந்நீருக்கு விறகடுப்புதான், ஆனால் அது கொல்லையில். என் நுரையீரலுக்கு என் படுக்கையறைதான் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு தெருவாக இருந்தது, அவ்வளவுதான். நோட்டில் எழுதியிருக்காவிட்டால் இன்னும் அரசாங்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி அவரையே படிக்கச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று அதில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, உங்கள் இன்ஹேலரை எந்தக் கட்டத்திலாவது நிறுத்தச் சொல்வார்களா என்று கேளுங்கள். ஊதும் டெஸ்டுக்கு முன் சில மணி நேரம் நிறுத்துவது வழக்கம், வாரக் கணக்கில் என்றால் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் கேள்விகளே வேறு, அதற்கு நான் ஆளில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் போக முடியாது. பயணப் படி என்று ஒரு தடவைக்கு 300 ரூபாய், ஐந்து தடவைக்கு 1500. பாஸ்புக்கில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயரே எனக்குக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க பேங்குக்கு நாலு தடவை அலைந்தேன். கவுண்டரில் இருந்தவர் என்னிடமே, "முருகேசன் யாரு சார், வரச் சொல்லுங்க" என்றார். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் கொடுக்கிற நாட்டில் தமிழனின் இனிஷியலுக்கு ஒரு கட்டம் போட முடியவில்லை. அலைந்த பெட்ரோலைக் கணக்குப் பார்த்தால் 1500ல் பாதி போயிருக்கும். பணம் இன்னும் வரவில்லை.

அதனால் படிவத்தில், பாஸ்புக்கில் இருக்கிறபடியே பெயரை எழுதுங்கள், புள்ளி உட்பட.