உனெஸ்பியில் ஆய்வு: பேப்பர் எழுதும் முன்னும் எழுதிய பின்னும்

தம்பி, பிரேசிலில் அரராகுவாரா ஊரில் உள்ள உனெஸ்பி (சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகம்) வேதியியல் நிறுவனத்தில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறீர்கள், செடிகளிலிருந்து சேர்மங்களைப் பிரித்தெடுப்பதுதான் வேலை என்று எழுதியிருந்தீர்கள். பட்டம் வாங்க எத்தனை பேப்பர் வேண்டும், எல்லோரும் சொல்லும் லாத்தெஸ், குவாலிஸ், சிஸ்ஜென் எல்லாம் என்ன, எதை முதலில் செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

எத்தனை பேப்பர் என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு பிஎச்.டி. திட்டத்துக்கும் 'ரெகுலமெந்தோ' என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. சில இடங்களில் அனுப்பியதற்கான சான்று போதும், சில இடங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்தபோது நடைமுறையில் இருந்த பதிப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விதி மாறினால் எது உங்களுக்குப் பொருந்தும் என்று திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது எண்ணிக்கையில் அல்ல, பதிவுகளில். நல்ல ஆய்வு செய்துவிட்டு, அது கணக்கில் ஏறாமல் நிற்பார்கள்.

உங்கள் துறைக்கு முதல் வேலை சிஸ்ஜென், அதாவது நாட்டின் உயிரின வளத்தை ஆய்வு செய்வோர் பதியும் அரசு இணையப் பதிவேடு. 2015-இல் வந்த 13.123 எண் சட்டப்படி, பிரேசிலின் செடி, விலங்கு, நுண்ணுயிர் எதை ஆய்வுக்கு எடுத்தாலும் அந்த இணையப் பதிவேட்டில் பதிய வேண்டும். செடி மட்டும்தான் அதில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும் பொருள்களும் அதற்குள் அடக்கம். நீங்கள் எடுக்கும் சாறு, பிரித்த சேர்மம் எல்லாமே வரும். ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே பதியச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் முடிவை வெளியிடுவதற்கும், காப்புரிமை கேட்பதற்கும், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் முன்பு பதிவு முடிந்திருக்க வேண்டும். வெளியீடு என்றால் இதழ்க் கட்டுரை மட்டுமல்ல, மாநாட்டில் ஒட்டும் போஸ்டரும் சேர்த்திதான். பகுதி முடிவுகளுக்கும் இதே விதி.

பதிவே கடினமில்லை. முதலில் உங்களைப் பல்கலைக்கழகத்தின் பயனராக இணைக்க வேண்டும். அதற்கு உனெஸ்பி தரப்பில் ஒப்புதல் வரவேண்டும், நாள் பிடிப்பது இங்கேதான். பிறகு இனத்தின் பெயர், சேகரித்த இடம், தேதி, ஆய்வின் நோக்கம், உள்ளூர் மக்களின் மரபறிவைப் பயன்படுத்தினீர்களா என்பதையெல்லாம் நிரப்பினால் சான்று கிடைத்துவிடும். ஆகவே காட்டில் சேகரிக்கும் அன்றே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, உலர்தாவரச் சேகரிப்பில் வைத்த மாதிரியின் எண் நான்கையும் குறித்து வையுங்கள். ஆய்வகத்தின் பழைய புட்டியிலிருந்து சாறு எடுத்து வேலை செய்பவர்களுக்கு இந்த விவரம் கிடைக்காமல் பதிவே நின்றுபோகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். "கொஞ்சம் சாறு அனுப்பு, இங்கே செல் சோதனை செய்து தருகிறேன்" என்று ஊரிலிருந்து பழைய லேப் நண்பர் கேட்பார். பெட்டியில் போட்டுக் கொண்டுபோகவே கூடாது. அங்கேயே வைத்து ஆய்வு செய்யக் கொடுப்பதானால் அனுப்புவதற்கென்று தனிப் பதிவும், வாங்கும் நிறுவனம் கையெழுத்திட்ட பொருள் மாற்ற ஒப்பந்தமும் வேண்டும். வெறும் சோதனைச் சேவைக்கு அனுப்புவதானால் நடைமுறை வேறு: மாதிரிக்கான பொறுப்பு பிரேசில் தரப்பிலேயே நிற்கும், வேலை முடிந்ததும் மீதியைத் திருப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். அபராதம் போடும் அதிகாரம் மத்திய சுற்றுச்சூழல் முகமையான இபாமாவிடம் இருக்கிறது. மாட்டினால் உங்கள் வழிகாட்டியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே மாட்டுவார்கள்.

அடுத்தது பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். பிரேசிலில் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர். அதனால் முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஓர்சிட் (ஆய்வாளர்களுக்கான உலகளாவிய அடையாள எண்), லாத்தெஸ் (பிரேசிலின் பொதுத் தன்விவரத் தளம்), இதழ் மூன்றிலும் அதையே போடுங்கள். லாத்தெஸில் மேற்கோள் பெயருக்கான கட்டத்தில் பல வடிவங்களை அரைப்புள்ளி போட்டு எழுதலாம். இந்தியாவில் வெளிவந்த பழைய கட்டுரைகளில் இனிஷியலோடு உள்ள பெயரை அங்கே சேர்த்துவிடுங்கள். உடன் எழுதும் பிரேசிலியர்களின் பெயரை நீங்களாகச் சுருக்க வேண்டாம். 'தா சில்வா' என்பவரை மேற்கோளில் சில்வா என்றுதான் எழுதுவார்கள். யார் எப்படிக் கையெழுத்திடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனப் பெயரில் குழப்பம் இன்னும் அதிகம். சாவோ பாவ்லோ மாநிலத்தில் உஸ்பி, உனிகாம்பி, உனெஸ்பி என்று மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்கள். அவை போக உனிஃபெஸ்பி என்று மத்திய அரசுடையது ஒன்று. உஸ்பி, உனெஸ்பி, உனிஃபெஸ்பி மூன்றின் ஆங்கிலப் பெயரிலும் 'சாவோ பாவ்லோ' வருவதால், சொல்லை லேசாக மாற்றினாலும் உங்கள் கட்டுரை இன்னொரு பல்கலைக்கழகத்தின் கணக்கில் போய் உட்காரும். உனெஸ்பி என்ற சுருக்கம், வேதியியல் நிறுவனம், அரராகுவாரா மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.

நன்றியுரை மரியாதைக்காக எழுதுவதன்று, கடமை. காபெஸ் (மேற்படிப்பைக் கவனிக்கும் மத்திய அரசு முகமை) உதவித்தொகை வாங்கினால், 2018-இல் வந்த 206 எண் ஆணையின்படி அவர்கள் கொடுத்த வாசகத்தை 'ஃபைனான்ஸ் கோட் 001' என்பதோடு அப்படியே போட வேண்டும். ஃபபெஸ்பி (சாவோ பாவ்லோ மாநில ஆய்வு நிதி அமைப்பு) உதவித்தொகையானால் ஆண்டு, சாய்கோடு, எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் என்று வரும் செயல்முறை எண்ணை முழுதாக எழுதுங்கள். எண் இல்லாத கட்டுரையை அறிக்கையில் காட்டினால் கேள்வி வரும். மாநிலத்தின் விற்பனை வரிப் பங்கில் 9.57 சதவீதம் மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போகிறது. ஃபபெஸ்பிக்கு மாநில வரி வருவாயில் 1 சதவீதம். நீங்கள் ஒரு காசு கட்டணம் இல்லாமல் படிப்பது கடையில் அரிசி வாங்குகிற மக்களின் பணத்தில். அந்த நன்றி வாசகத்தைச் சரியாக எழுதுவது நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயம்.

கட்டுரை வந்த பிறகு லாத்தெஸ். இயற்பியலாளர் சேசார் லாத்தெஸ் பெயரில், மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான சி.என்.பி.க்யூ 1999-இல் தொடங்கிய பொதுத் தன்விவரத் தளம் இது. உதவித்தொகை, தேர்வு, வேலை எதற்குப் போனாலும் இதைத்தான் திறந்து பார்ப்பார்கள். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைப் போட்டால் விவரம் தானாக நிரம்பும். ஆசிரியர் வரிசையை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். 'ஏற்றுக்கொள்ளப்பட்டவை', 'வெளிவந்தவை' இரண்டுக்கும் தனிப் பகுதி. வெளிவந்ததும் பழைய பதிவை நீக்காவிட்டால் ஒரே கட்டுரை இரண்டாகத் தெரியும். எல்லாம் முடித்ததும் சி.என்.பி.க்யூவுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். சேமித்தால் மட்டும் போதாது. அனுப்பாத வரை வெளியே பார்ப்பவருக்குப் பழைய பக்கம்தான் தெரியும். உங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர் மேற்படிப்புத் திட்டங்களின் விவரங்களைச் சேர்க்கும் காபெஸின் சுகுபிரா தளத்துக்கு லாத்தெஸிலிருந்துதான் விவரம் எடுப்பார், அதனால்தான் அவர் நச்சரிப்பார். காபெஸ் திட்டத்துக்குத் தரும் மதிப்பெண் 1 முதல் 7 வரை. 3-க்குக் கீழே போனால் அங்கீகாரமே போய்விடும். மாணவர் பெயர் உள்ள கட்டுரைகளுக்கு அந்த மதிப்பீட்டில் எடை உண்டு.

குவாலிஸ் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இதழ்களை ஏ1 முதல் சி வரை வரிசைப்படுத்திய பட்டியல் அது. 2025–2028 சுற்றிலிருந்து இதழை விட்டுவிட்டுக் கட்டுரையையே மதிப்பிடும் முறைக்குக் காபெஸ் மாறுகிறது. உங்கள் திட்டத்தின் விதித்தொகுப்பில் குவாலிஸ் என்று இன்னும் இருந்தால் மட்டும் பழைய பட்டியலைப் பாருங்கள்.

திறந்த அணுக்கக் கட்டணம், அதாவது கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கவிட இதழ் கேட்கும் பணம், கட்டும் முன் நூலகத்தில் கேளுங்கள். அமெரிக்க வேதியியல் கழகம் உட்படச் சில பதிப்பகங்களோடு காபெஸ் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. தொடர்பு ஆசிரியர் (இதழோடு கடிதப் போக்குவரத்து வைக்கும் ஆசிரியர்) பிரேசில் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால்தான் அது செல்லும். கட்டுரையை அனுப்பும்போதே உனெஸ்பி மின்னஞ்சலைக் கொடுங்கள். ஜிமெயில் போட்டால் தளத்துக்கு உங்களை அடையாளம் தெரியாது.

கடைசியாக, ஆய்வேடு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏறும். வெளியிடாத அத்தியாயம் இருந்தால் முழு உரையைக் குறிப்பிட்ட காலம் மறைத்துவைக்கப் படிவத்திலேயே கேட்கலாம். காப்புரிமைக்கு வாய்ப்புள்ள சேர்மம் கையில் இருந்தால் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கும் முன்பே உனெஸ்பியின் புத்தாக்க முகமையிடம் போங்கள். வெளியிட்ட பிறகும் பிரேசில் சட்டம் 12 மாதம் அவகாசம் தரும். ஐரோப்பாவில் அது செல்லாது.